பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும் பணம்: ஜெர்சி சிட்டி நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜெர்சி சிட்டியில் வீடோ காண்டோவோ (அடுக்குமாடியில் சொந்தமாக வாங்கும் வீடு) வைத்திருந்து வரி கட்டுகிற தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நகரத்தின் பட்ஜெட்டையும் வரிச்சலுகைச் சட்டத்தையும் வரி வரியாகப் படித்துவிட்டே பேசுகிறோம். ஜர்னல் ஸ்கொயரிலும் நியூபோர்ட்டிலும் இருக்கிற நம் தமிழ் அக்கம்பக்கத்தாரும் இதைப் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் வரிச்சலுகை கொடுத்த உயரமான கட்டடங்கள் குறைவாக வரி கட்டுகின்றன என்பது எங்கள் முதல் குறை இல்லை. சில கட்டடங்கள் வழக்கமான வரிக்கு நெருக்கமாகவே கட்டுகின்றன. கட்டுகிற பணம் எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

நியூ ஜெர்சியில் வீட்டு வரி மூன்று கைகளுக்குப் போகிறது: நகரம், கவுண்டி (பல ஊர்கள் சேர்ந்த நிர்வாக வட்டம்), பள்ளி. மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேலே பள்ளிக்குப் போகிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர் சம்பளத்தை மாநில அரசு கொடுத்துப் பழகிய நமக்கு இது புதிது. இங்கே பள்ளி நடப்பது பெரும்பாலும் வீட்டுக் கூரையின் மேல் போட்ட வரியில். மூவரும் ‘இந்த ஆண்டு எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள். அந்தத் தொகையை ஊரில் உள்ள வரிக்குரிய சொத்துகளின் மொத்த மதிப்பால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். தொகை முதலில், விகிதம் பிறகு. இந்த வரிசையை மறந்தால் மேற்கொண்டு எதுவுமே புரியாது. பிப்ரவரி 1, மே 1 தவணைகள் போன ஆண்டுக் கணக்கை வைத்துப் போட்ட மதிப்பீடு மட்டுமே. அதனால் ஏற்றம் முழுவதும் ஆகஸ்ட் 1, நவம்பர் 1 தவணைகளில் மொத்தமாக வந்து விழுகிறது.

இதற்கு வெளியே நிற்பதுதான் ‘பைலட்’. விமானம் ஓட்டுகிறவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘வரிக்குப் பதிலாகக் கட்டும் தொகை’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது. 1991ஆம் ஆண்டின் நீண்டகால வரிவிலக்குச் சட்டப்படி, மறுசீரமைப்புத் தேவைப்படும் பகுதி என்று நீங்கள் அறிவித்த இடத்தில் கட்டும் நிறுவனம் உங்களோடு ஒரு நிதி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். கட்டடம் முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 30 ஆண்டுகள். கட்டடத்துக்கு வழக்கமான வரி கிடையாது. அதற்குப் பதிலாக மொத்த வருவாயில் 10 முதல் 15 சதவீதம், அல்லது திட்டச் செலவில் 2 சதவீதம் என்கிற அளவில் ஓர் ஆண்டுக் கட்டணம். அந்தக் கட்டணத்தில் 5 சதவீதம் கவுண்டிக்கு, மீதி 95 சதவீதம் நகரத்துக்கு. பள்ளிக்கென்று சட்டத்தில் ஒரு காசும் எழுதப்படவில்லை. நிலத்துக்கு மட்டும் பொதுவாக வழக்கமான வரி விழும்; அதையும் ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலவரியைத் தள்ளிவைத்துவிட்டு, வசதிக்காக எண்களை முழுதாக்கிக்கொள்கிறோம். ஒரு கட்டடம் வழக்கமான முறையில் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரி கட்ட வேண்டும் என்று வையுங்கள். அதில் 45 சதவீதம் பள்ளிக்கு, 35 நகரத்துக்கு, 20 கவுண்டிக்கு என்றால் பள்ளிக்கு 13.5 லட்சம், நகரத்துக்கு 10.5 லட்சம், கவுண்டிக்கு 6 லட்சம். அதே கட்டடத்துக்கு 20 லட்சத்தில் பைலட் கொடுத்தால் நகரத்துக்கு 19 லட்சம், கவுண்டிக்கு 1 லட்சம். கட்டியவருக்கு 10 லட்சம் மிச்சம். நகரத்துக்கு 8.5 லட்சம் கூடுதல். பள்ளி 13.5 லட்சத்தையும் கவுண்டி 5 லட்சத்தையும் இழக்கின்றன. இந்தப் பக்கம் 18.5, அந்தப் பக்கம் 18.5, எங்கிருந்தும் புதுப் பணம் முளைக்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் இருவருக்கும் லாபம், கூப்பிடப்படாத இருவருக்கு நட்டம்.

பள்ளி அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. அதற்குத் தேவையான தொகை அப்படியேதான் இருக்கிறது. மீதி வீடுகளின் மேல் பரப்பி வாங்கிக்கொள்கிறது. பள்ளியின் தேவை 40 கோடி டாலர், வரிக்குரிய சொத்து 4,000 கோடி என்றால் விகிதம் 1 சதவீதம். 5 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்குப் பள்ளி வரி 5,000 டாலர். பைலட்டில் இருக்கும் 500 கோடி மதிப்புள்ள கட்டடங்களும் பட்டியலுக்குள் இருந்தால் விகிதம் சுமார் 0.89 ஆகும், அதே வீட்டுக்காரர் ஏறத்தாழ 4,440 கட்டுவார். வித்தியாசம் 560 டாலர். இதில் பள்ளிக்குக் கூடுதலாக ஒரு டாலரும் போகவில்லை. யார் கட்டுகிறார் என்பது மட்டும் மாறியிருக்கிறது. கவுண்டிக் கணக்கும் இப்படியே. இதே கவுண்டியைச் சேர்ந்த பேயோனிலும் யூனியன் சிட்டியிலும் இருக்கிற வீட்டுக்காரர், தன் ஊர் மன்றம் பார்த்தேயிராத ஒப்பந்தத்துக்காகக் கொஞ்சம் கட்டுகிறார்.

இப்படி ஒரு ஏற்பாடு இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? நீங்களும் நாங்களும் மனம்விட்டுப் பேச வேண்டிய இடம் இதுதான். ஜெர்சி சிட்டிப் பள்ளிகளை மாநிலம் 1989இல் தன் கையில் எடுத்தது; நாட்டிலேயே முதன்முதலாக அப்படி எடுக்கப்பட்டவை நம் பள்ளிகள். பிறகு, ஏழை ஊர்ப் பள்ளிகளுக்குப் போதிய நிதி கேட்டு நடந்த ஆபட் வழக்கின் தீர்ப்புகளின்படி சிறப்பு நிதி பெறும் 31 பள்ளி மாவட்டங்களில் ஒன்றானோம். பள்ளிச் செலவில் பெரும்பகுதியை மாநிலத் தலைநகரான ட்ரென்டன் கொடுத்தது. மாநில நிதிச் சூத்திரம் ஓர் ஊர் எவ்வளவு பணக்கார ஊர் என்பதை அதன் வரிக்குரிய சொத்து மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் வைத்து அளக்கிறது. பைலட் கட்டடம் அந்தச் சொத்து மதிப்பில் வராது. ஆற்றோரம் முழுக்கக் கண்ணாடிக் கோபுரம் எழும்பினாலும் காகிதத்தில் நாம் ஏழை ஊராகவே தெரிந்தோம். சலுகையை நாம் கொடுத்தோம், சுமையை மாநிலம் முழுவதும் இருந்த வரி செலுத்துவோர் சுமந்தார்கள். தெற்கு ஜெர்சியில் நம்மைப் பற்றிக் கசப்பாகப் பேசினார்கள் என்றால் அதில் நியாயம் இருந்தது.

2018இல் அது முடிவுக்கு வந்தது. அந்த ஆண்டின் பள்ளி நிதிச் சட்டம், சூத்திரத்துக்கு மேல் பெற்றுவந்த மாவட்டங்களின் உதவியை ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டில்தான் 1988க்குப் பிறகு முதல் முறையாக ஊர் முழுவதற்கும் சொத்து மறுமதிப்பீடு நடந்தது. முப்பது ஆண்டுக்கால ஏற்றத்தாழ்வு ஒரே நாளில் சரிசெய்யப்பட்டதில் டவுன்டவுன் செங்கல் வீடுகள் பலவற்றுக்கு வரி எகிறியது, கிரீன்வில் பக்கம் பலருக்குக் குறைந்தது. பள்ளிக்காக 1 சதவீதச் சம்பளப் பட்டியல் வரியையும் அப்போதுதான் கொண்டுவந்தீர்கள். வேலை கொடுப்பவர் கட்டுவது, ஜெர்சி சிட்டிக்காரர்களின் சம்பளத்துக்கு விலக்கு. அது நல்ல முடிவு, பாராட்டுகிறோம். ஆனாலும் மாநிலம் விட்டுச் சென்ற இடத்தை அது முழுவதுமாக நிரப்பவில்லை, மீதியை வீட்டு வரி நிரப்புகிறது. வேறொருவர் பில் கட்டிய காலத்தில் போட்ட ஒப்பந்தங்கள் 2030களையும் தாண்டி ஓடும். பில் கட்டியவரோ எழுந்து போய்விட்டார்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1980களில் நம் நீர்முனை துருப்பிடித்த ரயில் யார்டு. அங்கே கட்ட வா என்று ஒருவரை அழைக்க ஏதாவது கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. நியூபோர்ட் எழுந்தது அப்படித்தான். அன்று கொடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. 2013க்குப் பிறகு ஊரை அடுக்குகளாகப் பிரித்து, நீர்முனைக்குக் குறுகிய காலமும் உட்புறப் பகுதிகளுக்கு நீண்ட காலமும் என்று மாற்றியதும் சரியான திசைதான். ஆனால் நியூயார்க்குக்குப் போகும் பாத் ரயிலின் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், வாடகை இத்தனை ஏறிய பிறகும், ‘சலுகை இல்லையென்றால் கட்டவே மாட்டோம்’ என்ற வாதத்தை விண்ணப்பதாரர் தயாரித்த தாளிலிருந்தே எடுத்து வாசிப்பது சரியா? நிலத்தின் விலையையே அவர் சலுகை கிடைக்கும் என்று எண்ணித்தான் கொடுத்திருப்பார். சலுகை கிடைக்காது என்று தெரிந்தால் நிலம் விற்பவர் விலையை இறக்குவார், கட்டடம் எழும்பும். அந்தக் கணக்கை நகரம் தன் செலவில், தன் ஆளை வைத்துப் போட வேண்டும். கட்டணத்தை விண்ணப்பதாரரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆளை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அடுத்து காண்டோ. வீட்டுக்காரர்களும் காண்டோக்காரர்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ‘அவர்கள் வரியே கட்டுவதில்லை’ என்று ஒரு பேச்சு. தவறு. பைலட் காண்டோவில் மொத்த வருவாய் என்று ஒன்று கிடையாதென்பதால் சட்டம் ஒரு கற்பனை வருவாயை உண்டாக்குகிறது: வாங்கிய விலை முழுவதையும் கடன் வாங்கியதாக வைத்து, பத்திரம் பதிவான நாளின் வட்டி விகிதத்தில், விலக்குக் காலம் முழுவதற்கும் தவணை கணக்கிட்டு, அதோடு பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்க்கிறார்கள். இதிலிருந்து வரும் வேடிக்கையைப் பாருங்கள். 6 லட்சம் டாலர் காண்டோ, 30 ஆண்டு, மாதப் பராமரிப்பு 700. வட்டி 3 சதவீதமாக இருந்த காலத்தில் வாங்கியவருக்கு ஆண்டுத் தவணை சுமார் 30,400, பராமரிப்பு 8,400, மொத்தம் 38,800. அதில் 15 சதவீதம் 5,820 டாலர். வட்டி 6 சதவீதமான பிறகு அதே தளத்தில், அதே அளவில், அதே விலைக்கு வாங்கியவருக்குத் தவணை 43,200, மொத்தம் 51,600, பைலட் 7,740. எதிர் எதிர்க் கதவு, 1,920 டாலர் வித்தியாசம். அவர் உண்மையில் கடன் வாங்கினாரா, ரொக்கமாகக் கொடுத்தாரா என்பதுகூடக் கணக்கில் வராது. அந்த 7,740இல் நகரத்துக்கு 7,353, கவுண்டிக்கு 387. அவர் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு அதிலிருந்து சட்டப்படி ஒன்றுமில்லை. அவருக்கும் அது தெரியாது, பள்ளிக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வரி குறைவு என்று விளம்பரம் செய்தபோதே அந்தக் குறைவு விலையில் ஏறிவிட்டது. முதலில் விற்றவர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு படிகள் ஆரம்பிக்கின்றன. முதல் கட்டம் அதிகபட்சம் 15 ஆண்டு. அதன்பின் சூத்திரப்படி வரும் தொகை, அல்லது வழக்கமான வரியில் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. பிறகு 40, 60, கடைசிக் கட்டத்தில் 80. சூத்திரத் தொகை ஏற்கெனவே வழக்கமான வரியில் பாதியைத் தாண்டியிருந்தால் 20, 40 படிகள் தெரியவே தெரியாது, 60இல் திடீரென்று இடிக்கும். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் முழு வரி. மூத்த குடிமக்களுக்கு வரி ஏற்றத்தை மாநிலம் திருப்பித் தரும் சொத்துவரி உறைவுத் திட்டத்திலும் பைலட் கட்டுகிறவர்களுக்கு இடமில்லை, அது சொத்து வரி இல்லை என்பதால். மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘வரி எவ்வளவு’ என்பதோடு முடிவதில்லை. நிதி ஒப்பந்தத்தின் நகல், கட்டடம் முடிந்த தேதி, இப்போது எந்தக் கட்டம், அடுத்த கட்டம் எந்த ஆண்டு என்ற நான்கும் வேண்டும். இந்த விவரம் அடங்கிய ஒரு சான்றிதழை விற்பனைக்கு முன் வரி வசூல் அலுவலகம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் விதி செய்யலாம். செலவே இல்லாத சீர்திருத்தம்.

சாதாரண வீட்டுக்காரருக்கும் சலுகை உண்டே என்பீர்கள். உண்டு. ஐந்தாண்டு விலக்குச் சட்டத்தில், 20 ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு வீட்டைப் புதுப்பித்தால், ஏறிய மதிப்பில் முதல் 5,000, 15,000 அல்லது 25,000 டாலர் வரை விலக்கு. அதுவும் ஊர் மன்றம் தனியே விதி இயற்றியிருந்தால். வேலை முடிந்த 30 நாளுக்குள், சனி ஞாயிறும் சேர்த்து, விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தவறினால் போச்சு. கோபுரத்துக்கு 30 ஆண்டு, சமையலறை மாற்றியவருக்கு 30 நாள் கெடு.

கண்காணிப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகைக் கட்டடங்களில் எல்லாமே ‘மொத்த வருவாய்’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது, அந்த எண்ணைச் சொல்வது கட்டடக்காரர். ஒழுகும் இடங்கள் ஊரறிந்தவை. வாகன நிறுத்துமிடத்தைத் தன் உறவு நிறுவனத்துக்கே சொற்ப வாடகைக்கு விட்டுவிட்டு, அந்தச் சொற்பத்தை மட்டும் வருவாயில் காட்டலாம். நாய்க்கு மாதக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடக் கட்டணம், பொருள் வைக்கும் அறை வாடகை ஆகியவற்றை ‘சேவை’ என்று பெயர் மாற்றி வெளியே வைக்கலாம். கீழ்த்தளக் கடையை வேறு நிறுவனத்தின் பெயரில் பிரித்துவிடலாம். சட்டம் லாபத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மிஞ்சிய லாபம் நகரத்துக்கு வர வேண்டும். நிதியாண்டு முடிந்த 90 நாளுக்குள் தணிக்கை அறிக்கை உங்களிடம் வர வேண்டும். வந்ததா, யார் படித்தார், எத்தனை ஒப்பந்தத்தில் கூடுதல் லாபம் வசூலானது? மாநிலக் கணக்காய்வர் அலுவலகம் 2010இலேயே மாநிலம் முழுவதையும் பார்த்து, இந்த ஒப்பந்தங்களில் வெளிப்படையும் மேற்பார்வையும் போதவில்லை என்று அறிக்கை கொடுத்தது. வாடகைப் பட்டியலை வங்கி வைப்புகளோடு ஒப்பிடும் வேலைக்கு இரண்டு கணக்காளர்கள் போதும். ஒரு பெரிய கட்டடத்தில் கண்டுபிடிக்கும் விடுபாடே அவர்கள் சம்பளத்தை ஈடுசெய்துவிடக்கூடும்.

பள்ளியின் பங்குக்கு வருகிறோம். மாநிலச் சட்டத்தை மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது என்ற பதில் எங்களுக்குப் போதாது. 95 சதவீதம் உங்கள் கையில் வருகிறது. அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். விருப்பம் என்பதுதான் சிக்கலும். ஒரு மேயர் கொடுப்பதாகச் சொல்வார், பட்ஜெட்டில் ஓட்டை விழுந்த ஆண்டில் அடுத்தவர் நிறுத்திவிடுவார். பள்ளி வாரியம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் தொகையை நம்பி ஆசிரியரை நியமிக்க முடியாது. ஆகவே இனி வரும் ஒவ்வொரு நிதி ஒப்பந்தத்திலும், அதை ஏற்கும் நகரச் சட்டத்திலும், பள்ளிப் பங்கை ஓர் எண்ணாக எழுதுங்கள்: அந்த ஆண்டின் மொத்த வரி விகிதத்தில் பள்ளியின் பங்கு எவ்வளவு சதவீதமோ அதே சதவீதம், நிலவரியைக் கழித்த பிறகு மிஞ்சும் கட்டணத்தில், காலாண்டுக்கு ஒரு முறை. நிலவரியில் பள்ளியின் பங்கு ஏற்கெனவே போய்விடுகிறது என்பதால் கழித்த பிறகு கணக்கிடுவதே நேர்மை. இதற்கு ஒப்புக்கொண்டால் கூடுதல் பைலட் கொடுக்க உங்களுக்கு இருக்கும் ஆசையும் தானாகக் குறையும். அதையும் நாங்கள் எண்ணித்தான் கேட்கிறோம்.

பழைய ஒப்பந்தங்களை உடைக்கச் சொல்லவில்லை. அவை முடியும் தேதிகளை ஓர் அட்டவணையாகப் போடுங்கள். ஒரு கட்டடம் வழக்கமான வரிக்குத் திரும்பும்போது பள்ளிக்கும் வீட்டுக்காரருக்கும் ஆறுதல், நகரத்துக்கோ 95 சதவீதம் போய் மூன்றில் ஒரு பங்கு போல மட்டும் மிஞ்சும். அந்தப் பள்ளம் எந்த ஆண்டு வரும் என்பது இன்றே தெரியும். தெரிந்திருந்தும் திட்டமிடாவிட்டால், அந்த ஆண்டில் ‘இன்னும் பத்து ஆண்டு நீட்டிப்போம்’ என்ற பேச்சு தானாகக் கிளம்பும்.

பட்டியல் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. மக்கள் புரிந்துகொள்வதற்கென்று மாநிலம் கேட்கும் எளிய பட்ஜெட் படிவத்தில் பைலட் திட்டங்கள் ஒவ்வொன்றும், கட்டும் தொகையும், முழு வரி விழுந்திருந்தால் எவ்வளவு என்பதும் ஏற்கெனவே இருக்கின்றன. நகர இணையதளத்தின் எட்டாவது கிளிக்கில் கிடக்கிறது. அதே மொத்தத்தை வரி ரசீதோடு வரும் தாளில் ஒரு வரியாக அச்சிடுங்கள்.

ஒப்பந்தத்துக்கான நகரச் சட்டம் உங்கள் முன் இரண்டு முறை வருகிறது: அறிமுகம் ஒரு கூட்டத்தில், பொதுமக்கள் கருத்தும் வாக்கெடுப்பும் இன்னொன்றில். அறிமுகத்தின்போதே இணைப்பில் ஒரு பக்கத் தாள் வேண்டும். முழு வரி, பைலட் தொகை, மூன்று கைகளுக்கும் போவது, படுக்கையறை எண்ணிக்கையை வைத்து எதிர்பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள், கட்டங்கள் மாறும் ஆண்டுகள், அவ்வளவே. இதன் ஆங்கில வடிவத்தை நகரச் செயலரிடம் கொடுக்கிறோம். அடுத்த விண்ணப்பம் அறிமுகத்துக்கு வரும் மாலையில், இணைப்பைத்தான் முதலில் திறந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ஜெர்சி சிட்டியில் வரி கட்டும் தமிழர்கள் சிலர்